அப்பா எந்த நாடு?

செத்துப்போன தாத்தாக்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், ஒரு வெல்ல மண்டிக்கு மேலே மாடியில் எங்கள் ஆபீஸ். பழைய பிறப்புப் பதிவு, பாகப்பத்திரம், பள்ளிக்கூட ரிஜிஸ்தர், ஞானஸ்நானச் சீட்டு என்று எதைக் கொண்டு வந்தாலும் இங்கிலீஷில் மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரை வாங்கி, விண்ணப்பமும் நிரப்பிக் கொடுப்போம். "என் தாத்தா இந்த ஊர்க்காரர், அதனால் எனக்கு உரிமை உண்டு" என்று யாராவது எந்த நாட்டிடமாவது நிரூபிக்க வேண்டுமென்றால் எங்கள் படியேறித்தான் ஆக வேண்டும். முதலாளி சசிதரன் சார் தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். என் பெயர் கோமதி. அப்பா திருநெல்வேலியிலிருந்து சாலைக்குக் கணக்கெழுத வந்தவர். எனக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இரண்டிலும் பழைய கையெழுத்து வாசிக்கத் தெரியும் என்பதற்காக என்னை வேலைக்கு எடுத்தார்கள். எனக்குக் கோபம் வரும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது.

சர்ட்டிபிகேட்டில் ஒரு புள்ளி விட்டுப்போனதற்காக நாலு நாள் லீவு போட்டு அலைந்தவரா நீங்கள்? இரண்டு மணி நேரம் நின்று உங்கள் முறை வந்ததும் கவுண்டரில் சாப்பாட்டு நேரம் என்று பலகை மாட்டினார்களா? அப்படியென்றால் நீங்கள் என் சொந்தக்காரர். ஆதாரம் எதுவும் கேட்க மாட்டேன். உட்காருங்கள், சொல்கிறேன்.

மூன்று சுப்பையா

ராஜேந்திரன் மலேசியாக்காரர். ஈப்போவில் டயர் கடை வைத்திருக்கிறார். அவருடைய தாத்தா நாஞ்சில் நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். பேரன் ஓசிஐ அட்டை கேட்டு வந்திருந்தார். வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட வம்சாவளி இந்தியருக்கு நம் அரசாங்கம் கொடுக்கும் அட்டை அது. பெயரில் குடியுரிமை இருக்கும், ஓட்டுரிமை இருக்காது. அதற்கே தாத்தா இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். நானும் அவரும் ஒரு வாரம் அலைந்தோம். கடைசியில் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், கரையான் பாதி தின்ற சேர்க்கைப் புத்தகத்தில் தாத்தா இருந்தார். 'சுப்பையா, தகப்பன் மாடன்.' ராஜேந்திரன் அந்த வரியை விரலால் தொட்டுவிட்டு, வெளியே போய் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

தோட்டத்துத் துரை எழுதிய சீட்டில் அதே மனிதர் இங்கிலீஷில் 'சூப்பாயா'. மலேசியாவில் கொடுத்த இறப்புச் சான்றிதழில் 'சுப்பையா, தகப்பன் மாடசாமி'. எழுதியவர்கள் மூன்று பேர், அவரவர் காதில் விழுந்ததை எழுதினார்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி தயாரித்து, பூர்வீகச் சான்று தர வேண்டிய ஆபீசில் கொண்டுபோய் வைத்தேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், நாளைக்கும் நான் அங்கே போக வேண்டும். அங்கிருந்த கிளார்க் மூன்று தாளையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூணு பேரு செத்ததா இருக்கு, டெத் சர்ட்டிபிகேட் ஒண்ணுதானே வெச்சிருக்கீங்க, பாக்கி ரெண்டு எவிடே?"

ஆயிரத்து எண்பத்திரண்டு

எப்படியோ அந்தச் சான்றும் கிடைத்து ராஜேந்திரன் ஊர் திரும்பினார். மூன்று மாதம் கழித்து விண்ணப்பம் வாங்கும் வெளிநாட்டு ஏஜென்சியிலிருந்து ஈமெயில். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் தாத்தாவின் பிறந்த வருஷம் கொல்லம் ஆண்டு 1082 என்று இருந்தது. திருவிதாங்கூர் காலத்துப் பதிவெல்லாம் அப்படித்தான் இருக்கும். எண்ணூற்றி இருபத்தைந்தைக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரும். நான் மொழிபெயர்ப்பில் கொல்லம் 1082, சித்திரை என்றும், பக்கத்திலேயே அதாவது கி.பி. 1907 என்றும் தெளிவாக எழுதியிருந்தேன். அங்கே தட்டச்சு செய்தவர் முதல் எண்ணோடு நிறுத்திக்கொண்டுவிட்டார்.

ஈமெயிலில் இப்படிக் கேட்டிருந்தார்கள்: விண்ணப்பதாரரின் தாத்தா 1082ஆம் ஆண்டு பிறந்தவர் என்று தெரிகிறது, அவர் தற்போது உயிருடன் உள்ளாரா என்பதைத் தெளிவுபடுத்தவும். கூடவே நாங்கள் அனுப்பிய இறப்புச் சான்றிதழ் இருந்தது. இருந்தும் கேட்டிருந்தார்கள். நான் மேசையில் ஓங்கி அறைந்ததில் ஸ்டாம்ப் பேட் கீழே விழுந்து உடைந்தது. ராஜேந்திரனுக்குப் போன் செய்து இன்னொரு முறை அனுப்ப வேண்டும் என்றேன், அதற்கு மேல் எட்டு மாதம் ஆயிற்று அட்டை வர. அன்றைக்கு அந்த மனிதர் கோபப்படவே இல்லை. நிதானமாகக் கேட்டார்: "அப்போ எங்க தாத்தா சோழ ராஜா கூட ஒரே பெஞ்சில படிச்சாரா மா?"

சான்ஸ்

ஆன்டோ கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன், வளைகுடாவில் ஏசி மெக்கானிக். குடும்பப் பெயர் போர்ச்சுகீசுப் பெயர். கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனிகளுக்கு நடுவில் கண்ணாடிக் கதவு போட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஏஜென்ட், "உன் பெயரே ஆதாரம், போர்ச்சுகல் குடியுரிமை கிடைக்கும்" என்று சொல்லிப் பணமும் வாங்கியிருக்கிறான். ஆன்டோ இருந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து, ஐந்து தலைமுறை ஞானஸ்நானப் பதிவை மொழிபெயர்க்கச் சொல்லி என் முன்னால் வைத்தான். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. போர்ச்சுகல்காரன் ஆண்ட காலத்தில் கோவா, டாமன், டையூவில் பிறந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளை, பேரன்களுக்கும்தான் அந்த வழி. நம் கடற்கரையில் பெயரை மட்டும்தான் அவன் கொடுத்துவிட்டுப் போனான். ஆன்டோ திரும்பத் திரும்ப ஒரே தாளைப் புரட்டினான். பெண் வீட்டில் லிஸ்பனுக்குப் போவதாகச் சொல்லியாயிற்று என்றான்.

எனக்குத் தாங்கவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஹைவே நெரிசலில் பஸ் நின்று நின்று போன நேரம் முழுக்கவும் திட்ட வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். போய் எல்லாவற்றையும் திட்டினேன். ஏசி அறையில் இருந்த நாலு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஏஜென்ட் மட்டும் எனக்குத் தண்ணீர் பாட்டில் ஒன்றைத் திறந்து நீட்டிவிட்டுச் சொன்னான்: "கிடைக்கும்னு நான் சொல்லல சேச்சி, சான்ஸ் இருக்குன்னுதான் சொன்னேன், சான்ஸுக்கு ரீபண்ட் இல்ல கேட்டோ."

பிறந்த இடம்

இனி உமாவின் விஷயம். மேலே சொன்னதெல்லாம் ஆற்றிக்கொள்ளக்கூடிய கோபம். இது இன்னும் ஆறவில்லை.

உமா கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் இங்கத்திய ஆள், கரமனையில் மின்சார வேலை. ஏழாம் கிளாஸ் படிக்கும் ஒரு மகள். கம்பெனி அவளை இரண்டு வாரம் சிங்கப்பூருக்கு அனுப்ப இருந்தது. முதல் முறையாகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் உண்மையை எழுதினாள். அவளுடைய அம்மா சாரதா இந்த ஊர் வலியசாலைக்காரி, அந்தக் காலத்தில் வளைகுடாவில் நர்ஸ். அங்கேயே வேலை பார்த்த ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழரைக் கல்யாணம் செய்தார். உமா அங்கே பிறந்தாள். ஐந்து வருஷம் கழித்துத் தம்பி ராஜேஷ், அதே ஆஸ்பத்திரியில். தம்பிக்கு ஒரு வயது ஆகுமுன் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். சாரதாக்கா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, இங்கே தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தே வளர்த்தார். ஒன்றாம் கிளாஸிலிருந்து உமா இந்த ஊரை விட்டு எங்கும் போனதில்லை. வந்த பதிலில், நீங்கள் இந்தியக் குடிமகள் அல்ல என்று இருந்தது.

சசிதரன் சார் சட்டப் புத்தகத்தை எடுத்து இரண்டு முறை வாசித்தார். தொண்ணூற்றிரண்டு டிசம்பருக்கு முன்னால் வெளிநாட்டில் பிறந்திருந்தால், அப்பா இந்தியராக இருந்தால்தான் வம்சாவளியாகக் குடியுரிமை வரும். அம்மா இந்தியரா என்று சட்டம் கேட்கவே கேட்காது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இரண்டு பேரில் யார் இந்தியராக இருந்தாலும் போதும். ராஜேஷ் சட்டம் மாறி ஆறு மாதம் கழித்துப் பிறந்தவன், அவனுக்குப் பாஸ்போர்ட் எப்போதோ கிடைத்துவிட்டது. அக்கா சட்டம் மாறுவதற்கு நாலரை வருஷம் முன்னால் பிறந்தவள், வெளிநாட்டுக்காரி. அப்பா நாட்டிலும் அவளை யாரும் பதிவு செய்திருக்கவில்லை. சாரதாக்கா கைப்பையை மடியில் வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் ஊசி போட்ட கை, பையின் ஜிப்பை மட்டும் திறந்து திறந்து மூடியது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நாலரை வருஷம் பொறுத்துப் பெத்துக்கோன்னு பிரசவ வார்டுல எங்கிட்ட யாரும் சொல்லலியே கோமதி."

புருஷன் செல்லும்

வழி ஒன்று இருந்தது. அது என்ன என்று சொல்ல சசிதரன் சாருக்கே கூச்சமாக இருந்தது. இந்தியக் குடிமகனைக் கல்யாணம் செய்து ஏழு வருஷம் இங்கே குடியிருந்தால், வெளிநாட்டவர் என்று ஒப்புக்கொண்டு குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம். பெற்று வளர்த்தவளால் வராத நாடு, தாலி கட்டியவனால் வரும். உமாவின் புருஷன் கல்யாணச் சர்ட்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். ஏதோ தப்பு செய்துவிட்டவன் மாதிரி மாமியார் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

ஆன்லைன் விண்ணப்பத்தில் நாலாவது பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட ஒரு கட்டம். தற்போதைய வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எண். உமாவிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கிடையாது, அதுதானே பிரச்சனையே. 'இல்லை' என்று தட்டினால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. பூஜ்யம் போட்டுப் பார்த்தோம், செல்லாத எண் என்று வந்தது. உதவி எண்ணைக் கூப்பிட்டு, நாற்பது நிமிஷம் வாத்திய இசை கேட்டபிறகு ஒருவர் எடுத்தார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்கு நல்லது செய்கிற குரலில் சொன்னார்: "ஏதாவது ஒரு நாட்டுப் பேரும் நம்பரும் போடுங்க மேடம், அப்புறம் திருத்திக்கலாம்."

பேக்கப்

அன்றைக்கே சாயங்காலம் ஐடி பார்க்கிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். இரண்டு பேருக்கும் நல்ல வேலை, நல்ல பாஸ்போர்ட். மனைவியின் பாட்டனார் வழியில் யாரோ ஒரு ஆங்கிலேய பாதிரியார் உண்டு என்று வீட்டில் பேச்சாம். தோண்டிப் பார்த்து ஐரோப்பாவில் ஏதாவது ஒரு குடியுரிமை வாங்கித் தர முடியுமா என்று கேட்டார்கள். எதற்கு என்றேன். அவசரம் ஒன்றுமில்லையாம். நான் எழுந்து நின்று, ஒரு நாடுகூட இல்லாமல் ஒருத்தி காலையில் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், உங்களுக்கு இரண்டாவது கேட்கிறதா என்று கத்திவிட்டேன். அவர்கள் மேல் தப்பு ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும். சசிதரன் சார் உள்ளேயிருந்து ஓடிவந்து அவர்களுக்கு டீ சொன்னார், என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் படியிறங்கும்போது அந்தப் பெண் நிஜமாகவே புரியாமல் கேட்டது காதில் விழுந்தது: "ஒரு பேக்கப் இருந்தா நல்லதில்லையா சார், அதுக்கு ஏன் அந்தச் சேச்சி அழறாங்க?"

நாலாம் கிளாஸ்

காகிதத்தில் எழுதிக் கையால் கொடுத்த விண்ணப்பத்தைக் கடைசியில் வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் கம்பெனியின் மனிதவளப் பிரிவு உமாவுக்கு மெயில் அனுப்பியிருந்தது. வெளிநாட்டவர் என்றால் வேலை செய்ய விசா வேண்டும், அது வரும்வரை வர வேண்டாம். சிங்கப்பூருக்கு வேறொருவர் போனார். வாக்காளர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தாள். இதையெல்லாம்கூட அவள் அழாமல் தாங்கினாள். சசிதரன் சார் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னதைத்தான் தாங்கவில்லை. இப்போதைய சட்டப்படி, இங்கே பிறந்த குழந்தைக்கு அப்பா இந்தியராக இருந்தாலும், அம்மா சட்டத்துக்குப் புறம்பாக நாட்டுக்குள் வந்தவள் என்று யாராவது எழுதிவிட்டால் மகளுடைய குடியுரிமையும் கேள்விக்குள்ளாகும். கொடுக்க வேண்டிய இடத்தில் அம்மா கணக்கிலேயே இல்லை. பறிக்க வேண்டிய இடத்தில் மட்டும் முதல் ஆளாக நிற்கிறாள்.

அன்றிலிருந்து சாரதாக்கா வீட்டுப் பரணில் ஏறி இறங்கினார். ஒரு வாரத்தில் அவருடைய பழைய பாஸ்போர்ட் கிடைத்தது. ஏழாம் பக்கத்தில், தூதரக முத்திரையோடு, உடன் பயணம் செய்யும் குழந்தை என்று உமாவின் பெயர். கள்ளத்தனமாக வந்தவள் இல்லை என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. நான் அந்தப் பக்கத்தைப் பதினாறு நகல் எடுத்தேன். ஒன்று விடாமல் எல்லாம் தேவைப்பட்டது.

பிறகு போலீஸ் விசாரணை. ஒரு காலை நேரம், உமா தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது சிவில் போலீஸ் ஆபீசர் ஒருவர் கையில் ஃபைலோடு வாசலில் வந்து நின்றார். பெயரைச் சரியாகப் பார்க்காமலே, "இவிடே ஃபாரினர் ஆரா?" என்று கேட்டார். இங்கே வெளிநாட்டுக்காரர் யார் என்று. உமா மாவுக் கையோடு வெளியே வந்து, "ஞான் தன்னே" என்றாள். நான்தான் என்று. அவர் அவளைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் ஒன்றாகப் படித்தவர்கள். உமா இதை எங்கள் ஆபீசில் வந்து சொன்னபோது சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் வாசற்படியிலேயே உட்கார்ந்து, எல்லாக் கட்டத்தையும் அவரே நிரப்பிவிட்டு, கடைசிக் கேள்விக்கு வந்ததும் பேனாவை மூடிக்கொண்டு சொன்னாராம்: "இந்த ஆளை எவ்வளவு காலமா தெரியும்னு கேக்கறாங்க உமா, நாலாம் கிளாஸில என் கணக்கு நோட்டைப் பாத்து எழுதின காலத்திலேர்ந்துன்னு எழுதட்டா?"

உறுதிமொழி

மொத்தம் இரண்டரை வருஷம். இடையில், இவர் எங்கள் குடிமகள் அல்ல என்று அப்பா நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கினோம். அந்த ஒரு வரிக்கு ஏழு மாதம். ஒரு நாடு உன்னைத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தால்தான் இன்னொரு நாடு உன்னை நம்பும். ராஜேஷ் துபாயிலிருந்து ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டான். "நீ திருவனந்தபுரம்னு பொய் எழுதியிருந்தா இதெல்லாம் வந்திருக்காதே அக்கா" என்று ஒருநாள் அவன் சொல்ல, உமா மூன்று வாரம் அவன் போனையே எடுக்கவில்லை. பொய் எழுதினால் என்னவாகும் என்பதற்கு நான் இங்கே பதில் எழுதப்போவதில்லை. எங்கள் மேசைக்கு வந்து போகிறவர்களில் யாருக்குப் பாஸ்போர்ட் எளிதாகக் கிடைக்கிறது, உண்மையை எழுதிய யாருக்குக் கிடைக்கவில்லை என்று நான் தினமும் பார்க்கிறேன்.

கடைசியில் ஒருநாள் சிவில் ஸ்டேஷனுக்கு, அதாவது கலெக்டர் ஆபீசுக்கு, வரச் சொன்னார்கள். நானும் போனேன். உமா நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், மகளும் பள்ளிக்கூட யூனிஃபார்மிலேயே வந்தாள். அதிகாரி நல்ல மனிதர், வயசானவர். உமாவை நிற்க வைத்து, கையில் தாளைக் கொடுத்து, இந்திய அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்ற உறுதிமொழியை வாசிக்கச் சொன்னார். முப்பது வருஷமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவள், அசெம்பிளியில் நின்று தேசிய கீதம் பாடியவள், ஐந்து முறை ஓட்டுப் போட்டவள், எழுத்துக்கூட்டுகிற குழந்தை மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தாள். பக்கத்தில் நின்ற மகள் அம்மா கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் சான்றிதழைக் கொடுத்தார். வாழ்த்துகள் என்று கை கொடுத்தார். மகளின் நிலை பற்றி எழுத்தில் ஏதாவது கிடைக்குமா என்று நான் கேட்டேன். இப்போது யாரும் அதைக் கேட்கவில்லையே, நீங்களாக ஏன் கிளறுகிறீர்கள் என்று அன்போடுதான் சொன்னார். எனக்கு அந்த அன்பு பயமாக இருந்தது. வராந்தாவில் காத்திருந்த சாரதாக்கா சான்றிதழை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். இன்றைய தேதி முதல் இந்தியக் குடிமகளாகப் பதிவு செய்யப்பட்டார் என்ற வரியில் விரல் நின்றது. அந்த 'முதல்' என்ற வார்த்தையை இரண்டு முறை தடவினார். சுற்றிலும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். யாரிடம் என்றில்லாமல் கேட்டார்: "அப்போ நேத்து வரைக்கும் நான் வளத்தது யாரை?"

கன்னி வோட்டு

கம்பெனி உமாவைத் திரும்ப எடுக்கவில்லை. அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்றாம். இப்போது சாலையில் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கணக்குப் பார்க்கிறாள், பாதிச் சம்பளம். மத்தியானம் எங்கள் மாடிக்கு வந்து என்னோடுதான் சாப்பிடுகிறாள். பழைய வாக்காளர் அட்டை ரத்தானதால் புதிதாக விண்ணப்பித்து, சான்றிதழ் வந்து ஆறாவது மாதம் நடந்த தேர்தலுக்கு முன்னால் வாங்கினாள். முதல் முறை ஓட்டுப் போடுகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

அந்தச் சாவடியில் புது வாக்காளர்களுக்கு ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டு நின்ற வரிசையில் முன் நரை விழுந்த உமாவும் நின்றாள். நானும் சாரதாக்காவும் எங்கள் ஓட்டைப் போட்டுவிட்டு வெளியே காத்திருந்தோம். பூக் கொடுத்த அலுவலர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "கன்னி வோட்டாணோ சேச்சி? வைகிப்போயல்லோ" என்றார். முதல் ஓட்டா, ரொம்பத் தாமதமாகிவிட்டதே என்று. அவர் நல்லபடியாகத்தான் கேட்டார். உமா பூவை வாங்கிக்கொண்டு, சாவடிக்கு வெளியே நின்ற எங்கள் காதிலும் விழும்படி சத்தமாகச் சொன்னாள்: "தாமதமெல்லாம் இல்ல சாரே, நான் பிறந்தே ஆறு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள வோட்டே கொடுத்துட்டீங்க!"

இத்தனை வருஷம் இந்த மேசையில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான்: உன் தாத்தா எங்கே பிறந்தார் என்று கேட்காத அரசாங்கத்தை நான் பார்த்ததில்லை, அந்தத் தாத்தாவைப் பெற்றவளின் பெயர் என்ன என்று கேட்ட அரசாங்கத்தையும் பார்த்ததில்லை.